இரண்டரை அடி உயர்ந்த சாய்ப்பு: ஆலங்குளம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் இடையில் உள்ள ஒரு ஊரில், பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்தின் வீடு இது. முன்வீடு கான்கிரீட் தளம் போட்டது. அதன் வடக்குச் சுவரை ஒட்டி, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒற்றைச் சரிவுக் கூரையோடு ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். கிழக்கு மேற்காக 16 அடி நீளம், தெற்கு வடக்காக 10 அடி அகலம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வீட்டை ஒட்டிய பக்கம் உயரம் 8 அடி 6 அங்குலம். வடக்கே இறங்கும் பக்கம் 6 அடி 3 அங்குலம். சராசரி போட்டால் 7 அடி நாலரை அங்குலம், அதாவது 2.25 மீட்டர். மனிதர் புழங்கும் அறைக்குத் தேசியக் கட்டட நெறித் தொகுப்பு கேட்பது 2.75 மீட்டர், சரிந்த கூரையானால் சராசரியாவது அந்த அளவுக்கு வர வேண்டும். இங்கே அரை மீட்டர் குறைந்தது.

கூரையை உயர்த்திக் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்டது. உள்ளூர் கொத்தனார் ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார். ஷீட்டைக் கழற்றி இறக்கிவிட்டு, சுவரின் மேல் சுற்றிலும் மூன்றடிக்குச் செங்கல் கட்டி, அதே ஷீட்டை அப்படியே மேலே ஏற்றிவிடலாம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றார். கைத்தொழில் தெரிந்தவர், மலிவான வழியைத்தான் சொன்னார். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பின்கட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் உயர்கின்றன. இந்த வீட்டில் அந்த வழியை ஏன் எடுக்கவில்லை, எதை எடுத்தோம், ஓர் ஆடிக்காற்றும் ஓர் ஐப்பசி மழையும் கடந்தபின் அது எப்படி இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். சாய்ப்பை உயர்த்தும் வேலையில் செங்கல் கட்டுவது எளிய பகுதி. சூடு எங்கே வெளியேறும், தண்ணீர் எங்கே இறங்கும், காற்று தூக்கும்போது கூரையை எது பிடித்துக்கொள்ளும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே ஒரு கல்லைக்கூட வைக்க வேண்டும்.

அறையில் நடக்கும் வேலை

வீட்டுக்கார அம்மாவும் அவருடைய மாமியாரும் காலை முதல் மாலை வரை அந்தச் சாய்ப்பின் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் முறம் போன்ற சுளகு, சுளகில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த வெட்டிய இலை. பீடி இலை பதமாக இருக்கும்வரைதான் விரலுக்கு அடங்கும். காய்ந்துவிட்டால் சுருட்டும்போதே கீறும். கீறிய பீடி கணக்கில் சேராது. இலையும் போயிற்று, உழைப்பும் போயிற்று. பங்குனி, சித்திரையில் உச்சிப்பொழுது தாண்டினால் அந்த அறையில் துணியின் ஈரம் நிற்பதில்லை. எனவே அங்கே சூடு என்பது கூலியைத் தின்னும் விஷயம்.

மின்விசிறி போட்டுக்கொள்ளலாமே என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சுளகின் மேல் காற்றடித்தால் தூள் பறக்கும். பறந்த தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும், குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளும் போகும். தாழ்ந்த கூரையில் விசிறி மாட்ட இடமில்லை என்பது இருக்கட்டும், இடம் இருந்தாலும் வேலை நேரத்தில் போட முடியாது. இந்த அறைக்குத் தேவை, சுளகின் மட்டத்தில் அசையாமல், மேலே மட்டும் மெதுவாக நகர்ந்து வெளியேறும் காற்று. பீடி சுற்றும் வீட்டின் பின்கட்டைப் பட்டறை என்று எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தொழிற்கூடத்தில் இவ்வளவு தூளும் இவ்வளவு சூடும் இருந்தால் கேள்வி கேட்க ஆள் உண்டு. வீட்டுக்குள் நடப்பதால் யாரும் கேட்பதில்லை.

அளவெடுக்கப் போன அன்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி, தலை முட்டாமல் நடப்பது எனக்குப் பெரிதில்லை, குனிந்து பழகிவிட்டது. உட்கார்ந்தால் தலை வேகக் கூடாது." வேலையின் இலக்கை ஆச்சியைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உயர்த்தினால் மட்டும் சூடு குறையுமா

குறையும், ஆனால் நினைக்கும் அளவுக்குக் குறையாது. ஷீட்டின் சூடு இரண்டு வழியாகக் கீழே வருகிறது. ஷீட்டை ஒட்டிய காற்று காய்ந்து மேலேயே தேங்கி, நேரம் ஆக ஆகக் கீழிறங்குவது ஒன்று. ஷீட்டே நேராகக் கதிர்ச்சூட்டை அனுப்புவது இன்னொன்று. தரையில் உட்கார்ந்தவரின் தலைமட்டம் ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி. பழைய கூரையின் நடுப்பகுதி அங்கிருந்து நாலரை அடிக்குச் சற்று மேலே இருந்தது. உயர்த்தினால் ஆறரை அடிக்குச் சற்று மேலே போகும். அறையின் நடுவில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே விரியும் வெளியில், கூரை எவ்வளவு பங்கை அடைக்கிறது என்று கணக்கிட்டால் முன்பு 68 விழுக்காடு, பின்பு 51 விழுக்காடு வருகிறது. நேர்க்கதிர் கால்பங்கு குறையும், அவ்வளவுதான். அதே ஷீட்டை அப்படியே மேலே ஏற்றியிருந்தால் செலவு செய்ததற்கு இந்தக் கால்பங்குதான் மிச்சம்.

தேங்கும் காற்றுக்குக் கதவு திறந்துவிடாவிட்டால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. இந்தச் சாய்ப்பில் உயர்ந்த பக்கம் முன்வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது. சூடான காற்று ஏறி ஒதுங்கும் இடம் சரியாக அந்த மூலை. அங்கே சன்னலும் கிடையாது, வெளியும் கிடையாது. எனவே கிழக்கு, மேற்குப் பக்கச் சுவர்களின் உச்சியில், வீட்டை ஒட்டிய முனையில் திறப்பு விட்டாக வேண்டும். வேறு வழியில்லை.

கதிர்ச்சூட்டைத் தடுக்க மூன்று அடுக்குகள் வைத்தோம். மேலே வெளிர் நிற உலோக ஷீட். அதன் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய குமிழ் விரிப்பு. அதற்குக் கீழே மூன்று அங்குல இடைவெளி விட்டு நார்சிமென்ட் பலகை. பளபளப்பான அலுமினியம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெளியிடும் கதிர்ச்சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வெளியிடாது. ஆனால் அதன் மேல் தூசி படிந்தால் அந்தக் குணம் போய்விடும். பலர் பலகைக்குச் செலவழிக்க மனமில்லாமல் விரிப்பை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். புகையிலைத் தூள் பறக்கும் அறையில் இரண்டு கோடைக்குள் அது மங்கிவிடும். பலகைதான் விரிப்பைக் காப்பாற்றுகிறது. இடைவெளியின் இரு முனையிலும் கம்பிவலை வைத்தோம். இல்லையென்றால் அணிலும் எலியும் குடியேறிவிடும்.

சரிவு சொன்ன முடிவு

வீட்டுக்கார அம்மாவின் கணவருக்கு மங்களூர் ஓடு போட ஆசை. எனக்கும் ஓடு பிடிக்கும். வெயிலுக்கு அதைப் போல நல்லது அரிது. ஆனால் அளவுகள் இடம் தரவில்லை.

சாய்ப்பின் தரையிலிருந்து பார்த்தால் முன்வீட்டுத் தளத்தின் அடிப்பக்கம் 11 அடியில் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் விழும் இரண்டு குழாய்களும் 11 அடி 8 அங்குலத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கூரையும் சுவரும் சேரும் இடத்தை மூடும் தகடு தளத்துக்குக் கீழே, செங்கல் சுவரில் பதிய வேண்டும். தளத்தின் கான்கிரீட்டைக் கொத்தக் கூடாது. எனவே ஷீட்டின் உச்சி 10 அடி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேல் எல்லை இப்படி முடிவாகிவிட்டது. ஓட்டுக்குக் குறைந்தது 26 டிகிரிச் சரிவாவது வேண்டும். பத்தடி அகலத்தில் அது கிட்டத்தட்ட ஐந்தடி இறக்கம். உச்சி 10 அடி 4 அங்குலமானால் வடக்குச் சுவர் ஐந்தரை அடியில் நிற்கும், பழையதைவிடத் தாழ்வாக. பழைய ஆஸ்பெஸ்டாஸின் 13 டிகிரிச் சரிவையே வைத்தால் வடக்குப் பக்கம் எட்டடிதான் வரும். இடையில் மேற்பொருத்து இல்லாமல் உச்சி முதல் இறக்கம் வரை ஒரே துண்டாக வரும் உலோக ஷீட்டுக்கு 7 டிகிரி போதும். பத்தடிக்கு 15 அங்குல இறக்கம்.

உள்ளே பலகைக்கு அடியில் அளந்தால் வீட்டுப் பக்கம் 10 அடி, வடக்குப் பக்கம் 8 அடி 9 அங்குலம். சராசரி 9 அடி நாலரை அங்குலம், 2.86 மீட்டர். பின்கதவையும் ஏழடியாக்க இடம் கிடைத்தது. இருபது ஆண்டுகளாகக் குனிந்து நுழைந்த கதவு அது.

கான்கிரீட் தளமே போட்டுவிடலாமே என்று உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். நாலரை அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 290 கிலோ கனக்கும். இந்த அறைக்கு நான்கு டன்னுக்கு மேல். கிழக்கு, மேற்குச் சுவர்கள் நாலரை அங்குலக் கனம் கொண்டவை. அவற்றின் தலையில் இதை ஏற்ற நான் ஒப்புக்கொள்ளவில்லை. பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் இறக்கும் தன்மையும் கான்கிரீட்டுக்கு உண்டு. குழந்தைகள் இரவில் படுப்பது இதே அறையில்தான்.

ஆடிக்காற்று

இந்தப் பகுதியில் கூரை போடுகிறவர்கள் மழையைவிடக் காற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, செங்கோட்டை, தென்காசி தாண்டி ஆலங்குளம் வரை தங்கு தடையின்றி வருகிறது. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இந்தியக் காற்றுச் சுமை நெறியில் இந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ.

சரிவு குறைந்த கூரையில் காற்று பெரும்பாலும் மேல்நோக்கித்தான் இழுக்கும். அறைக்குள் புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். திறப்புகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் தூக்கு விசை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. மேற்கில் மட்டும் பெரிய திறப்பு வைத்துக் கிழக்கை அடைத்துவிட்டால் அது 140 கிலோவைத் தொடும். எங்கள் கூரையின் சொந்த எடை, பைப், பலகை எல்லாம் சேர்த்து 25 கிலோதான். மொத்தப் பரப்பு வெளியே நீட்டியதையும் சேர்த்து 19 சதுர மீட்டர். சமமான திறப்பு என்றால் எடை போக மிஞ்சும் தூக்கு 1,400 கிலோவைச் சற்றுத் தாண்டும், மேற்கில் மட்டும் என்றால் 2,200 கிலோவை நெருங்கும். பாதி வடக்குச் சுவருக்கு, பாதி வீட்டுப் பக்கத்துக்கு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "மேற்குக் காற்றுதானே சுகம், மேற்கில் நன்றாகப் பெரிதாக ஜன்னல் வையுங்கள்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சுகம் உண்மை. ஆனால் வடக்குச் சுவரில் புதிதாகச் சேரும் பகுதியின் எடை, இரண்டு கான்கிரீட் பட்டைகளையும் சேர்த்து 1,200 கிலோதான். சமமான திறப்பில் அந்தச் சுவருக்கு வரும் தூக்கு 710 கிலோ, எடை தாங்கும். மேற்கில் மட்டும் திறந்தால் 1,090 கிலோ. கைவசம் பெரிதாக மிச்சம் இல்லை. ஆகவே மேற்கில் சிறிய திறப்பு, கிழக்கில் அதைப்போல ஒன்றரை மடங்கு என்று முடிவு செய்தோம். காற்று உள்ளே வந்த வேகத்தில் வெளியேறிவிடும். பீடித் தூளுக்கும் இதுவே நல்லது.

மேற்குத் திறப்பில் வெளிப்புறம் சாய்ந்த சிமென்ட் தகடுகளை வரிசையாக வைத்தோம். குற்றாலத்துச் சாரல் காற்று பலமாக இருக்கும் நாட்களில் இங்கேயும் வரும். அது மேலிருந்து விழுவதில்லை, படுக்கையாகப் பறந்து வரும். நேர் ஓட்டை ஜாலி வைத்தால் இலை மேல் தெறிக்கும்.

பழைய சுவரும் அதன் அஸ்திவாரமும்

வேலைக்கு முன் வடக்குச் சுவரை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டிப் பார்த்தோம். ஒன்றரை அடி அகலக் கருங்கல் கட்டு, இரண்டடி ஆழம், அதன் கீழே சரளை கலந்த கெட்டிச் செம்மண். உயர்த்திய சுவர், அஸ்திவாரம், கூரை எல்லாம் சேர்ந்து மண்ணின் மேல் வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு நாலரை டன்னுக்குள் நிற்கிறது. இந்த மண்ணுக்கு அது பொருட்டல்ல. இதே வீடு மானூர்ப் பக்கத்துக் கரிசலில் இருந்திருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன்; கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், புதிதாக ஏற்றிய சுமையைப் பழைய சுமையோடு சேர்ந்து சமமாக இறங்க விடாது.

சுவரின் உச்சியில் மூன்று வரிக் கல் ஆடிக்கொண்டிருந்தது. பழைய ஷீட்டின் சட்டங்கள் ஆண்டுதோறும் காற்றில் அசைந்து கலவையை உடைத்திருந்தன. கொத்தனார் முதலில் அதன் மேலேயே கட்டலாம் என்று நினைத்தார். ஒரு கல்லைக் கையால் எடுத்துக் காட்டியதும் தாமே மூன்று வரியையும் இறக்கினார். பிறகு வடக்குச் சுவரை ஏழடி வரை கட்டி, அந்த மட்டத்தில் மூன்று பக்கமும் விடாமல் ஓடும் ஆறங்குலக் கான்கிரீட் பட்டை போட்டோம். கதவுக்கு அதுவே லிண்டலாயிற்று. கைமரம் வந்து உட்காரும் நான்கு இடங்களிலும் 12 மில்லிமீட்டர் கம்பியைப் பழைய சுவருக்குள் இரண்டடி துளையிட்டுச் சிமென்ட் பாலில் பதித்து, மேலே பட்டை வழியாக ஏற்றி, உச்சியில் உள்ள நாலங்குலப் பட்டையில் கொக்கி வளைத்துக் கட்டினோம். இரும்புக் கைமரத்தின் அடித்தகடு அந்த உச்சிப் பட்டையில் பதித்த போல்ட்டில் இறுகுகிறது. காற்று கூரையைத் தூக்க வேண்டுமானால் சுவரையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

பக்கச் சுவர்கள்தான் நாலரை அங்குலம் என்றேனே. பத்தடிக்கு அதே கனத்தில் கட்டினால் மெலிந்த சுவராகக் காற்றில் நிற்கும். கொத்தனார் இடையில் தூண் கட்டிச் சமாளிக்கலாம் என்றார். அதுவும் சரியான வழிதான். ஆனால் அந்தச் சுவர்கள் கூரையைத் தாங்க வேண்டியதில்லை. கைமரங்கள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. ஆகவே பட்டைக்கு மேல் செங்கலைக் குறைத்து, திறப்புகளும் இலகுவான பலகையுமாக நிரப்பினோம். எடையும் குறைந்தது, வெளிச்சமும் வந்தது.

வீட்டுப் பக்கம் முன்வீட்டுச் சுவரில் எதையும் தொங்கவிடவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய நாட்டுச் செங்கலில் துளைபோட்டு அடித்த போல்ட், தூக்கு விசையில் கல்லோடு உதிர்ந்து வரும். சுவரை ஒட்டி மூன்றங்குலச் சதுரப் பைப்பில் நான்கு தனிக் கால்கள் நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டின் எடையே 300 கிலோ. ஒரு காலுக்கு வரும் தூக்கு 180 கிலோவுக்குள். அறையில் மூன்றங்குலம் குறைந்தது என்று வருத்தப்பட்டார்கள். பிறகு கால்களுக்கு இடையில் பலகை அடித்து இலைக்கட்டு வைக்கும் அலமாரியாக்கிக்கொண்டார்கள்.

பழைய ஷீட்டை இறக்குதல்

ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்கள் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நம் ஊரில் கடைதோறும் இன்னும் விற்கிறது. முழு ஷீட் கூரையில் கிடக்கும்போது பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் நார் பறக்கும். நம் ஊர் வழக்கம், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உடைத்துத் தள்ளுவது. அதைச் செய்ய விடவில்லை. முதல்நாள் மாலையே குடும்பத்தை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி போல்ட்டின் மரையைக் கழற்றி, துருப்பிடித்ததை மட்டும் ஷீட்டுக்கு வெளியே வெட்டி, முழுசாக இறக்கினோம். வேலை செய்தவர்களுக்கு நார் தடுக்கும் முகக்கவசம் கொடுத்தோம். சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் முந்தானையே போதும் என்றார்கள். போதாது, துணியின் இழைக்குள் அந்த நார் தாராளமாக நுழையும் என்று எடுத்துச் சொன்னதும் போட்டுக்கொண்டார்கள்.

ஷீட்டை ஆட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். புதிதாகத் துளை போடாமல், அறுக்காமல், பழைய துளையிலேயே மாட்டுவதானால் மட்டும் சரி என்றேன். கொட்டகையை ஷீட்டின் அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மிஞ்சிய இரண்டு ஷீட்டுகளைத் தார்ப்பாயில் சுற்றி ஓரமாக வைத்திருக்கிறோம்.

சுவரும் ஷீட்டும் சேரும் இடம்

ஒழுகும் சாய்ப்புகளில் முக்கால்வாசி இந்த ஒரு கோட்டில்தான் ஒழுகும். வழக்கமாக ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கலவையை அள்ளிப் பூசி முக்கோணமாகத் தடவிவிடுவார்கள். உலோக ஷீட் காலையில் ஓர் அளவு, உச்சிவெயிலில் ஓர் அளவு. பன்னிரண்டடி ஷீட், 40 டிகிரி சூடு ஏறினால் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீளும். மாலையில் சுருங்கும். கலவை நீளாது. ஒரே கோடையில் மயிர்க்கோடாக வெடித்து, அந்த வெடிப்பு தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

நாங்கள் செய்தது: 10 அடி 9 அங்குல மட்டத்தில், செங்கல் சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கத்திச் சக்கரத்தால் நேர்க்கோடாகத் தவாளிப்பு வெட்டினோம். தூசியைத் தூரிகையால் முழுக்கத் துடைத்தோம். இந்த இடத்தை மூடும் ஃப்ளாஷிங் தகட்டின் மேல் விளிம்பை வளைத்து அதற்குள் செருகி, இரண்டடிக்கு ஒரு ஈயச் சுருளை ஆப்பாக அடித்து இறுக்கி, மேலே நெகிழும் சீலன்ட் நிரப்பினோம். தகட்டின் கீழ் விளிம்பு ஷீட்டின் மேல் ஆறங்குலம் படிந்து கிடக்கிறது, ஆனால் ஷீட்டோடு திருகப்படவில்லை. ஷீட் அதன் அடியில் தன் விருப்பத்துக்கு நீண்டு சுருங்கலாம். ஷீட்டின் மேல் முனையை நெளிவுதோறும் மேல்நோக்கி மடித்துவிட்டோம். காற்று தண்ணீரை மேலே தள்ளினாலும் அந்த மடிப்பைத் தாண்டாது. வெல்டர் தம்பி இந்த மடிப்பை ஒவ்வொரு பள்ளத்திலும் குறட்டால் பொறுமையாகப் போட்டார். அவசரப்பட்டால் பூச்சு கிழிந்து அந்த இடமே துருவுக்கு வாசலாகும்.

மொட்டை மாடியின் இரண்டு குழாய்களும் முன்பு சாய்ப்பின் மேல் நேராகக் கொட்டின. அதை இனி அனுமதிக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; தாமிரபரணி திருநெல்வேலி நகருக்குள் வந்தது. அந்த மழையைப் பார்த்த பிறகு வழக்கமான மழைக்கு அளவெடுப்பதை நான் விட்டுவிட்டேன். மாடியும் சாய்ப்பும் சேர்ந்து 65 சதுர மீட்டர். மணிக்கு பத்து சென்டிமீட்டர் மழை என்றால் 6,500 லிட்டர். மாடித் தண்ணீரை நாலங்குலப் பிவிசி குழாயில் கட்டி, சுவரோடு கிழக்கே கொண்டுபோய் இறக்கினோம். சாய்ப்பின் தண்ணீருக்கு வடக்கு விளிம்பில் அதை ஏந்திக் கொண்டுபோகும் ஆறங்குல வாரி. இரண்டும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் சேர்கின்றன. 2003இல் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிதான். மண் மூடிக் கிடந்ததைத் தூர்வாரி, ஜல்லி மாற்றினோம்.

வடக்கு வீட்டுக்காரர், உள்ளாட்சி, ஈசான மூலை

இருக்கும் கட்டடத்தின் உயரத்தை மாற்றுவதும் கட்டுமானமாகவே கணக்கில் வரும். வரைபடம் போட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்த பிறகே சாரம் கட்டினோம். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கிராமத்துக்கும் பொருந்தும்.

வடக்கு வீட்டு முற்றத்தில் மிளகாயும் வடகமும் காயும். சுவர் உயர்ந்தால் நிழல் விழுமே என்று அந்த வீட்டு அக்கா கவலைப்பட்டார். நியாயமான கவலை. மார்கழியில் இங்கே நண்பகல் வெயில் 58 டிகிரி உயரத்தில் இருக்கும். நிழல் முன்பைவிட ஒன்றே முக்கால் அடிதான் நீளும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். வாரி வருவதால் முன்பு அவர் பக்கம் தெறித்த தண்ணீர் நிற்கும் என்றதும் சம்மதித்தார்.

ஆச்சிக்கு ஈசான மூலை வீட்டைவிட உயர்ந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தது. கூரை முழுவதும் முன்வீட்டுத் தளத்துக்குக் கீழேயே நிற்பதால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

ஓர் ஆண்டு சென்றபின்

மாசியில் தொடங்கிய வேலை சித்திரைக்குள் முடிந்தது. ஆடியில் மூன்று நாட்கள் விடாமல் அடித்த காற்றில் போல்ட் எதுவும் தளரவில்லை. ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தோம். சாரலில் மேற்குத் திறப்பின் உள்விளிம்பு நனைந்தது, அறை நனையவில்லை. ஐப்பசி மழையில் வாரி ஒருமுறை நிரம்பி வழிந்தது. பக்கத்து வேப்பமரத்துச் சருகு அதன் வாயை அடைத்திருந்தது. இப்போது கம்பிவலைக் கூடை போட்டிருக்கிறார்கள். ஃப்ளாஷிங் கோட்டில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் பழைய ஷீட்டைவிடக் கூடுதல். பலகை இருந்தும் கேட்கத்தான் செய்கிறது. பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது என்று வீட்டுப் பையன் சொன்னான்.

சூடு? பங்குனி மூன்று மணிக்கு அந்த அறை குளுகுளுவென்று இருக்கிறது என்று சொன்னால் பொய். வெளியில் உள்ள சூடு உள்ளேயும் இருக்கிறது, ஆனால் தலைக்கு மேலிருந்து இறங்கும் அனல் இல்லை. முன்பு பன்னிரண்டு மணிக்குச் சுளகைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனவர்கள் இப்போது இடம் மாறுவதில்லை. ஈரத்துணியை நனைக்கும் தடவையும் குறைந்துவிட்டது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கிழக்குத் திறப்பில் கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று மெதுவாக வெளியேறுவது தெரிகிறது. அந்தத் திறப்பின் அடியில் பழுப்பாகப் புகையிலைத் தூள் படிந்திருக்கிறது. அந்தத் தூள் முன்பெல்லாம் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஷீட் திருகுகளின் ரப்பர் வளையங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆனி பிறக்கும் முன் பார்த்து, வெடித்ததை மாற்ற வேண்டும். எப்படி என்று பையனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதைப் பார்த்துவிட்டு அதே தெருவில் இன்னொரு வீட்டு அண்ணாச்சி தம் சாய்ப்பையும் இதேபோல உயர்த்தித் தரும்படி கேட்டார். அவர் வீட்டு முன்பகுதி மண்சுவர், மேலே நாட்டு ஓடு. மண்சுவரில் தவாளிப்பு வெட்டினால் உதிரும். ஓட்டுத் தண்ணீர் முழுவதும் சாய்ப்பின் மேல்தான் விழும். தளம் இல்லாததால் உயர எல்லையும் வேறு. இந்த வடிவம் அங்கே பொருந்தாது. சாய்ப்பை முன்வீட்டிலிருந்து மூன்றடி தள்ளித் தனியாக நிறுத்தி, நடுவே திறந்த நடை விட்டு, இரண்டு கூரையின் தண்ணீரும் அந்த நடையிலேயே வாய்க்காலாக ஓடும்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். மூன்றடி இடம் போகிறதே என்று யோசிக்கிறார். தைக்குள் முடிவு சொன்னால் மாசியில் குழி தோண்டி மண்ணைப் பார்க்கலாம்.